கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம்

என் மனைவி ஓடத் தொடங்கியபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. மும்பையில் சயான் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவள் லேப் டெக்னீஷியன். கூட வேலை பார்க்கும் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஜனவரியில் நடக்கும் ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். இவளும் கொடுத்துவிட்டாள். ஆகஸ்டில் ஒருநாள் புது ஷூவோடு வந்து நின்றாள். அதற்கு முன் அவள் ஓடி நான் பார்த்ததெல்லாம் செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில், வண்டியைப் பிடிக்க.

காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவில் இருக்கும் ஃபைவ் கார்டனுக்குப் போவாள். ஐந்து சின்னப் பூங்காக்கள், அவற்றைச் சுற்றி வளைந்து போகும் சாலை, மேலே வானம் தெரியாதபடி மரங்கள். நடப்பவர்களும் ஓடுபவர்களுமாக விடியும்போதே கூட்டம் இருக்கும். செம்பூரில் இல்லாத பூங்காவா, இதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டேன்.

"அங்கதான் எனக்குக் கால் வரும்" என்றாள்.

அவள் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அதனால் அப்படி இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். நான் தாராவிக்காரன். ஸ்கூட்டரில் கால் மணி நேரம்கூட ஆகாத தூரம்தான். ஆனால் அவள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம். என் அப்பா தோல் பட்டறையில் பெல்ட் தைத்தவர். எங்கள் கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா வரவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேசவும் இல்லை. மாமியார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமனார் மாட்டுங்கா வீட்டைப் பூட்டிவிட்டு நவி மும்பையில், நெருளில் மூத்த மகனோடு இருக்கிறார் என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறேன். குரலைக் கேட்டதே இல்லை.

ஓட்டத்தில் அவளுக்கு ஒரே ஒரு பிரச்சினை. எடுத்த எடுப்பில் வேகமாக ஓடிவிடுவாள். இரண்டாவது கிலோமீட்டர் முடியும்போது மூச்சு வாங்கும், மூன்றாவதில் நடை. ஏற்கெனவே இருக்கும் ஆப்களைப் போட்டுப் பார்த்தாள். ஒன்று மைல் கணக்கில் சொன்னது. இன்னொன்று இங்கிலீஷில், யாரையோ ஊக்குவிப்பது போல இனிப்பாகப் பேசிக்கொண்டே இருந்தது.

"நீ ஆப்தானே பண்றே? எனக்கு ஒண்ணு பண்ணிக் குடேன். ஒரே சீரா ஓட வெச்சா போதும்."

நான் ஐரோலி பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு மருந்து கொண்டுவந்து கொடுக்கும் ஓர் ஆப் எங்களுடையது. அதில் டெலிவரி ஆள் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று வரைபடத்தில் நகரும் புள்ளி என் பொறுப்பு. புள்ளியை நகர்த்தத் தெரிந்தவனுக்கு மனைவியை நகர்த்துவதா கஷ்டம் என்று நினைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று அவளிடமும் சொன்னேன்.

முதல் குழப்பம் முதல் நாளே வந்தது. ஓடுபவர்கள் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதில்லை. ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்கிறார்கள். அவளுடைய இலக்கு ஏழு நிமிடம். எண் கூடினால் வேகம் குறைவு என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நிரலில் ஒரு குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். அவள் வேகமாக ஓட ஓட ஆப் இன்னும் வேகம் கேட்டிருக்கிறது. திரும்பி வந்தவள் ஷூவைக் கழற்றாமல் தரையில் படுத்துவிட்டாள்.

"இது என்னைக் கொல்லப் பாக்கறது" என்றாள். "உங்க அம்மா ஏதாவது சொல்லிக் குடுத்தாளா?"

அடுத்த குழப்பம் குரல். காதில் எதையும் மாட்டிக்கொண்டு ஓட மாட்டேன், பின்னால் வரும் பைக் சத்தம் கேட்காது என்று சொல்லிவிட்டாள். போனை இடுப்புப் பையில் வைத்து ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும். இங்கிலீஷ் வேண்டாம், தமிழில் சொல்ல வேண்டும். அவள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். கேட்க மட்டும் தமிழ்தான் பிடிக்கும். நான் தாராவி முனிசிபல் பள்ளியில் தமிழிலேயே படித்தவன் என்பதால் முறையாக எழுதினேன்: "வேகம் குறைகிறது. வேகத்தை அதிகரிக்கவும்." அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து ஃப்ளாட் வரை போயிருக்கும். பிளாட்பாரம் மாறும் அறிவிப்பு போல இருக்கிறதாம்.

"நீ எங்கிட்ட எப்படிப் பேசுவியோ அப்படியே சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மூன்று வாக்கியங்கள் பேசிப் பதிவுசெய்தேன். 'மெதுவா போற. வேகமா போ.' 'ரொம்ப வேகம். மெதுவா போ.' 'சரியா போற. இப்படியே போ.' எதிரொலியில் அது என் குரலைவிடக் கனமாக வந்தது. அவளுக்குப் பிடித்துவிட்டது. நானும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

செப்டம்பர் முழுக்க ஆப் நன்றாக வேலை செய்தது. முதல் கிலோமீட்டரில் அவளைப் பிடித்து நிறுத்தியது, மூன்றாவதில் கொஞ்சம் தள்ளியது. அவள் ஓடி முடித்ததும் பதிவு என் லேப்டாப்புக்கு வந்துவிடும். காபி குடித்துக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்ப்பேன். அப்போதுதான் அந்தப் பள்ளத்தைக் கவனித்தேன்.

ஒவ்வொரு சுற்றிலும், ஒரே இடத்தில், வேகம் சட்டென்று விழுகிறது. ஏழு நிமிடம் என்று நேராக வரும் கோடு பன்னிரண்டு, பதினைந்து என்று இறங்கி, முப்பது நாற்பது மீட்டர் தாண்டியதும் பழையபடி ஏழுக்கு வந்துவிடுகிறது. ஒரு நாள் என்றால் நாய் குறுக்கே வந்திருக்கலாம். வாரத்துக்கு ஐந்து நாள், அதே வளைவில் எந்த நாய் வந்து நிற்கும்?

மரம்தான் என்று முடிவுசெய்தேன். அடர்த்தியான மரத்தடியில் செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறும். எங்கள் டெலிவரி ஆட்களின் புள்ளிகளே சில நேரம் வீட்டுக் கூரைமேல் ஏறி நிற்கும். அவளிடம் கேட்கவே தோன்றவில்லை. இது என் நிரலில் இருக்கும் கோளாறு, இதை எதற்கு அவளிடம் கேட்பது?

ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அவள் காலை டியூட்டி முடித்து வந்ததும் அவளுடைய போனை வாங்கிக்கொண்டு மூன்று மணி வெயிலில் ஃபைவ் கார்டனுக்குப் போனேன். வயிறு குலுங்க மூன்று சுற்று ஓடினேன். ஆப்பை அணைத்துவிட்டு அந்த இடத்தில் போய் நின்று பார்த்தேன். ஒரு பூங்காவின் இரும்பு கேட், பக்கத்தில் காலி சிமெண்ட் பெஞ்சு, மேலே ஒரு தூங்குமூஞ்சி மரம். மற்ற இடங்களில் இருந்த அதே மரம்தான். வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்தேன். என் ஓட்டம் பூராவும் கோணல்மாணலாக இருந்தது. அந்த இடத்தில் மட்டும் பள்ளம் இல்லை. அதே போன், அதே மரம், அதே நிரல்.

இரண்டு வாரம் அதையே நோண்டினேன். அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் மராத்தி, பத்து நொடிகூடப் பார்க்கவில்லை. "அரே யார், ஸ்மூத் கர் தே" என்றார். அதாவது, திடீரென்று வரும் ஏற்ற இறக்கங்களை முன்னும் பின்னும் உள்ள எண்களோடு சேர்த்துச் சராசரியாக்கி வழித்துவிடு. அப்படியே செய்தேன். பள்ளம் போய்விட்டது. இஸ்திரி போட்டது போலக் கோடு வந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நாலாவது நாள் காலை அவள் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டாள்.

"நீ ஏதாவது மாத்தினியா?"

"ஆமா. ஏன், நல்லா இல்லையா?"

"நான் நிக்கறச்சேயும் 'சரியா போற'ங்கறது."

"நீ எங்க நின்ன?"

ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "எங்கயோ" என்றாள். பிறகு, "பழையபடியே வெச்சுடு. மெதுவா போனா அது சொல்லணும். கண்டிப்பா சொல்லணும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கோளாறு என்று நான் நினைத்தது கோளாறு இல்லை. அவள் உண்மையாகவே அங்கே நிற்கிறாள். ஏன் நிற்கிறாய் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. இத்தனை வாரமும் அவள் எந்த அடியில் தயங்குகிறாள் என்று நான் மீட்டர் கணக்கில் காபியோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது? மாற்றியதை எடுத்துவிட்டேன். மறுநாள் பள்ளம் திரும்ப வந்தது. என்னவெல்லாமோ நினைத்தேன். நெஞ்சுவலியாக இருக்குமோ என்றுகூட. அந்த இடத்தில் யாரையாவது சந்திக்கிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன், ஆனாலும் அது முழுதாகப் போகவில்லை.

நவம்பரில், தீபாவளி கழிந்த வாரம், ஒரு புதன்கிழமை அவள் வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். சாவியை மேஜையில் வைத்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அப்பா பேசினார்."

"எங்க அப்பாவா? போன் பண்ணுனாவளா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உங்க அப்பா இல்லை. எங்க அப்பா."

நான் இட்லியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.

மாமனார் ஜூன் மாதமே நெருளிலிருந்து மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். அவளுடைய அண்ணன் போனில் சொல்லியிருக்கிறான். தினமும் ஆறேகாலுக்கு ஃபைவ் கார்டனில் அந்த சிமெண்ட் பெஞ்சில் பேப்பரோடு உட்காருவாராம். இவள் அதற்காகத்தான் அங்கே ஓடப் போனாள். இல்லை, அதற்காக இல்லை என்றும் சொன்னாள். ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் அங்கே போகலாம் என்று தோன்றியதாம். எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பெஞ்சு கிட்டே வரும்போது கால் தானாகத் தளரும். அவர் பேப்பரை இறக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்பத் தூக்கிக்கொள்வார். இவளுக்கு நிற்கவும் முடியாது, போகவும் முடியாது.

"அப்பதான் நீ சொல்லுவே, 'மெதுவா போற, வேகமா போ'ன்னு. சரின்னு கெளம்பிடுவேன். நீ சொன்னாத்தான் அங்கேர்ந்து கால் நகரும். அந்த நாலு நாள் நீ சொல்லாதப்போ நான் அப்படியே மரம் மாதிரி நின்னேன், தெரியுமா? எப்படிப் போறதுன்னே தெரியலை."

"சரி, உங்க அப்பா இன்னைக்கு என்ன சொன்னாவ?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று காலை மூன்றாவது சுற்றில் ஆப் பேசியதும் மாமனார் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்திருக்கிறார்.

"யாருடி அவன்? தெனம் போன்ல உன்ன வெரட்டிண்டே இருக்கானே, யாரவன்?"

"யாரும் இல்லைப்பா. அது ஆப்."

"ஆப்பா? மனுஷக் குரலா இருக்கே?"

"அவரோட குரல்தான். அவர்தான் பண்ணிக் குடுத்தார்."

"அப்ப அவன்தானே வெரட்டறான்? நீ ஏன் ஓடறே? நில்லு. மூச்சு வாங்கறது, நில்லு."

ஆறு வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு இதுதான். இவள் பெஞ்சில் உட்கார்ந்து, ஓட்டம் என்றால் என்ன, ஜனவரியில் என்ன, கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறாள். நடுவில் நாலைந்து தடவை போன் இடுப்பிலிருந்து 'மெதுவா போற, வேகமா போ' என்று கத்தியிருக்கிறது. அணைக்க மறந்துவிட்டாளாம்.

எனக்குச் சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. மூன்று மாதமாக ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல் போய் வந்திருக்கிறாள்; அது சுருக்கென்றது. அதே நேரம், அந்த மனிதர் மூன்று மாதமாகத் தினமும் என் குரலைக் கேட்டிருக்கிறார். மகளை அதட்டும் முரட்டுப் புருஷன் என்று நினைத்திருக்கிறார். ஒருவேளை முதலிலிருந்தே அப்படித்தான் நினைத்திருப்பார். ஆப் அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் இல்லையென்றால் அவர் எழுந்தே இருக்க மாட்டார். நான் நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா?

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"எனக்கே என்ன பண்றேன்னு தெரியலை. உங்கிட்ட என்னன்னு சொல்றது?"

இட்லி ஆறிப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அவர் வரச் சொன்னார் என்று அவள் சொன்னாள். பிறகு, "வரச் சொன்னார்னு இல்லை, வருவானான்னு கேட்டார்" என்றாள். பெஞ்சில் ஒல்லியாக, வெள்ளை அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் கும்பிட்டு, "வணக்கம் சார், நான்..." என்று தொடங்கினேன். சார் என்று வந்ததும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியறது. குரல் கேட்டிருக்கேனே" என்றார். "உக்காருங்கோ."

உட்கார்ந்தேன். இத்தனை நாள் அவன் இவன் என்றவர், நேரில் உக்காருங்கோ என்கிறார். அவர்கள் வீட்டுப் பேச்சில் மாப்பிள்ளைக்கும் ங்கோதான். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் முன்பின் தெரியாத ஆளுக்கும் ங்கோதான். இது எந்த ங்கோ என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

"இத நீங்களே பண்ணினேளா?"

"ஆமா."

"வேகம் கொறையறதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

செயற்கைக்கோள், தூரம், நேரம் என்று சொன்னேன். அவர் ரயில்வே ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப இவ தெனம் இங்க நிக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

"தெரியும். ஏன்னுதான் தெரியாது."

அவர் பேப்பரை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார். எதிர்ப்பக்கம் சிரிப்பு கிளப்காரர்கள் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் மூன்று பேரும் அவர்களையே பார்த்தோம். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுல போட முடியுமா? டாக்டர் ஒரே சீரா நடக்கச் சொல்லியிருக்கார். நான் ஆரம்பத்துல வேகமா நடந்துடறேன். அப்பறம் இரைக்கறது."

போட்டுக் கொடுப்பதில் கஷ்டமில்லை. ஆனால் 'மெதுவா போற, வேகமா போ' என்று அவரைப் பார்த்து நான் சொல்ல முடியாதே. மறுபடி பாத்ரூம். முதலில் 'மெதுவா போறேள்' என்று பேசிப் பார்த்தேன். நாடகத்தில் வேஷம் கட்டியது போல இருந்தது, அழித்தேன். 'மெதுவா போறிய' என்று எங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னேன். அது நன்றாக வந்தது, ஆனால் அனுப்பத் தைரியம் வரவில்லை. கடைசியில் யாருடைய வீட்டுப் பேச்சும் இல்லாத 'போறீங்க'. அன்று என் அம்மா தாராவியிலிருந்து வந்திருந்தாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

"யாருக்குல உள்ள இம்புட்டு மரியாத?"

"மாமனாருக்கு."

"எந்த மாமனாரு?"

"எனக்கு எத்தன மாமனாரும்மா இருக்காவ?"

அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். வெகு நேரம் கழித்துக் கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "அவிய வீட்டுக்கு வருவாவளா?" என்றாள். தெரியாது என்றேன்.

ஜனவரி ஓட்டத்தன்று நான் முடிவுக் கோட்டில் நின்றேன். வழியெல்லாம் டோல் மேளம் அடித்ததில் ஆப் சொன்ன ஒரு வார்த்தையும் அவள் காதில் விழவில்லையாம். ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்தில் ஓடி முடித்தாள். பதிவைத் திறந்தால், அவள் அதுவரை ஓடியதிலேயே சீரான ஓட்டம் அதுதான். குரல் கேட்காமலே அப்படி ஓட முடியும் என்றால், ஆப் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பழக்கிவிட்டது நீதானே என்கிறாள் அவள். இருக்கலாம்.

இப்போது அவள் வாரத்தில் மூன்று நாள் போகிறாள். இரண்டு சுற்று ஓடிவிட்டு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறாள். அவர் செம்பூருக்கு வரவில்லை. நாங்கள் மாட்டுங்கா வீட்டுக்குப் போகவில்லை. இரண்டைப் பற்றியும் யாரும் பேச்செடுக்கவில்லை. போன வாரம் எனக்கு அவரிடமிருந்து முதல் போன் வந்தது. கிலோமீட்டர் தனக்குப் பழக்கமில்லை, ஃபைவ் கார்டனில் எல்லாரும் ரவுண்டுதான் எண்ணுவார்கள், ஆப்பும் ரவுண்டு சொல்லுமா என்று கேட்டார். சொல்லவைக்கலாம் என்றேன். ரவுண்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். "அது ஒவ்வொருத்தருக்கும் ஒரு எடம்" என்றார். உங்களுக்கு எது என்று கேட்பதற்குள் வாசலில் பால்காரர் மணி அடித்ததால் வைத்துவிட்டார். அந்த ஒன்று தெரிந்தால்தான் அடுத்த வரியை எழுத முடியும். நாளைக் காலை நேரில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.